முப்பத்திரண்டா, அறுபத்துநாலா?

பி.காம். மூன்றாம் வருடம் படிக்கிறவன் ஜாவாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால், "உனக்கெதுக்குடா இந்த வேலை?" என்றுதான் நண்பர்கள் கேட்பார்கள். கேட்டும் விட்டார்கள். சென்னையில் ஏதாவது ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஆறு மாதம் வேலை பார்த்துப் பாருங்கள், அப்புறம் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டீர்கள். டி.டி.எஸ். ரிட்டர்ன் தயாரிக்கிற ஆர்.பி.யு. ஜாவா. அதைச் சரிபார்க்கிற எஃப்.வி.யு. ஜாவா. கிளையண்டின் டிஜிட்டல் கையெழுத்தைப் பதிவு செய்கிற கருவியில் பாதிக்கு மேல் ஜாவா. டேலியோடு பழகியதை விட ஜாவாவோடு மல்லுக்கட்டியதுதான் எனக்கு அதிகம்.

காலையில் மயிலாப்பூரில் கல்லூரி. மதியத்துக்கு மேல் தி.நகரில், பனகல் பார்க் பக்கம், ஓர் ஆடிட்டர் ஆபீஸ். அங்கே எனக்குக் கொடுத்த வேலை வவுச்சர் பார்ப்பது, பேங்க் ரீகன்சிலியேஷன், அந்த மாதிரி. கொடுக்காமலே வந்து சேர்ந்த வேலை, "டோக்கன் ஒர்க் ஆகல" என்று எந்தக் கிளையண்ட் போன் செய்தாலும் கிளம்பிப் போவது. பிளஸ் டூவில் காமர்ஸோடு கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் எடுத்தவன் என்று என் பயோடேட்டாவில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரி போதுமானதாக இருந்திருக்கிறது.

டோக்கன் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. பென்டிரைவ் மாதிரியே இருக்கும், ஆனால் அதில் படம் போட்டு வைக்க முடியாது. உள்ளே ஒரு சின்ன சிப். உங்கள் கையெழுத்துக்கான ரகசியச் சாவி அந்தச் சிப்புக்குள்ளேயே உருவாகி அங்கேயே இருக்கும், வெளியே வரவே வராது. ஒரு ஆவணத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றால், அந்த ஆவணத்தின் சுருக்கத்தை, அதாவது ஹேஷ் எனப்படும் ஒரு எண்ணை, சிப்பிடம் அனுப்ப வேண்டும். நீங்கள் பின் நம்பர் அடித்தால் சிப் உள்ளுக்குள்ளேயே கையெழுத்துப் போட்டு, முடிவை மட்டும் வெளியே நீட்டும். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இந்தக் கையெழுத்துக்கு, பேனாவால் போட்டதற்குச் சமமான மதிப்பைக் கொடுத்தது. இந்தியாவில் இப்படிச் சான்றிதழ் வழங்க முதன்முதலாக உரிமம் பெற்ற நிறுவனம் நம்ம ஊர்க்காரர்களுடையது என்பது எனக்கே போன வருடம்தான் தெரியும். சேஃப்ஸ்கிரிப்ட். 2002-இல் உரிமம். இன்றைக்கு சிஃபி என்று பெயர் மாறியிருக்கிற அந்தக் கால சத்யம் இன்ஃபோவேயின் துணை நிறுவனம். அடையாறிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், தரமணி டைடல் பார்க்கில் அவர்களுடைய ஆபீஸ். 2006-இல் எம்.சி.ஏ.21 வந்ததும் கம்பெனி வைத்திருப்பவர்கள் எல்லோரும் டோக்கன் வாங்க வேண்டியதாயிற்று. அப்புறம் வருமான வரி, டெண்டர் என்று அது எல்லா இடத்துக்கும் பரவியது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கையெழுத்து சிப்பில் இருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டிய படிவமோ எங்கோ ஒரு சர்வரில் இருக்கிற வலைப்பக்கத்தில் இருக்கிறது. நடுவில் பிரவுசர். பிரவுசர் உங்கள் யு.எஸ்.பி. துளையில் இருப்பதைத் தொடக்கூடாது. அதுதான் பாதுகாப்பு, அதில் தப்பில்லை. ஆகவே பிரவுசருக்கு வெளியே ஓடுகிற, சிப்போடு பேசத் தெரிந்த ஒரு புரோகிராம் வேண்டும். அதை ஒவ்வொரு கிளையண்ட் வீட்டுக்கும் சிடியில் கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா? முடியாது. வலைப்பக்கத்தில் ஒரு பட்டனை அழுத்தினால் அதுவே இறங்கி, அதுவே ஓடி, அடுத்த தடவை புது வெர்ஷன் வந்திருந்தால் அதையும் அதுவே இறக்கிக்கொள்ள வேண்டும்.

இதற்கென்றே ஜாவாவில் ஒரு ஏற்பாடு இருந்தது. பெயர் ஜாவா வெப் ஸ்டார்ட். 2001-இல் சன் கம்பெனி வெளியிட்டது. 2002-இல் வந்த ஜாவா 1.4-இலிருந்து ஜாவாவோடு சேர்ந்தே வந்தது. பட்டனை அழுத்தினால் ஜே.என்.எல்.பி. என்று முடிகிற ஒரு சின்னக் கோப்பு இறங்கும். சின்னது என்றால் நிஜமாகவே சின்னது, ஒரு பக்கம் கூட வராது. நோட்பேடில் திறந்து படிக்கலாம். டெலிவரி சலான் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதே மாதிரி. இந்த புரோகிராமின் பெயர் இது, தயாரித்தவர் இவர், இன்னின்ன ஜார் கோப்புகள் இந்த முகவரியில் இருக்கின்றன, ஜாவா இந்த வெர்ஷனாவது வேண்டும். அவ்வளவுதான். வெப் ஸ்டார்ட் அந்தச் சலானைப் பார்த்துச் சரக்கை இறக்கி, ஒரு மூலையில் சேர்த்து வைத்து, ஓட்டும்.

இது வரைக்கும் அழகு. சிக்கல் அந்த சிப்போடு பேசுகிற இடத்தில்தான் வருகிறது.

ஒரு தடவை எழுதினால் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும் என்பதுதான் ஜாவா தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட பெருமை. பெரும்பாலும் உண்மைதான். ஆனால் ஹார்டுவேரைத் தொட வேண்டும் என்றால் அந்தந்த மெஷினின் சொந்த பாஷையில் எழுதிய ஒரு துண்டு தேவைப்படும். அதற்குப் பெயர் நேட்டிவ் லைப்ரரி. விண்டோஸில் அது டி.எல்.எல்., லினக்ஸில் எஸ்.ஓ., மேக்கில் டைலிப். மயிலாப்பூரில் கல்யாண சமையல் கான்ட்ராக்டர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் கைப்பக்குவம் எந்த மண்டபத்துக்குப் போனாலும் மாறாது. ஆனால் கூடவே கொண்டுபோகிற கிரைண்டரின் பிளக், மண்டபத்துச் சுவரில் இருக்கிற ஓட்டைக்குப் பொருந்தியே ஆக வேண்டும். கைப்பக்குவம் ஜாவா என்றால் பிளக் நேட்டிவ் லைப்ரரி.

வெப் ஸ்டார்ட்டை வடிவமைத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. அதனால் அந்தச் சலானிலேயே இதற்கும் ஒரு கட்டம் வைத்தார்கள். ரிசோர்சஸ் என்று ஒரு தலைப்பு. அதில் ஓ.எஸ். என்று ஓர் இடம், ஆர்ச் என்று ஓர் இடம். ஓ.எஸ். விண்டோஸ், ஆர்ச் எக்ஸ்86 என்றால் இந்த ஜார். ஓ.எஸ். விண்டோஸ், ஆர்ச் ஏஎம்டி64 என்றால் அந்த ஜார். ஒவ்வொரு தலைப்பின் கீழும் நேட்டிவ்லிப் என்று ஒரு வரி, எந்த ஜாரில் அந்த டி.எல்.எல். இருக்கிறது என்று சொல்ல. லினக்ஸில் அதே 32-பிட்டுக்கு ஐ386 என்று பெயர், மேக்கில் 64-பிட்டுக்கு எக்ஸ்86_64 என்று பெயர் (ஏன் ஆளுக்கொரு பெயர் என்று கேட்காதீர்கள்). வெப் ஸ்டார்ட் தான் எந்த மெஷினில் ஓடுகிறோம் என்று பார்த்து, பொருந்துகிற ஜாரை மட்டும் இறக்கும். மற்றவற்றைத் தொடவே தொடாது. பயன்படுத்துபவருக்கு இது நடப்பதே தெரியாது.

ஆனால் சலானை எழுதுகிறவர் எல்லாக் கட்டத்தையும் நிரப்பியிருக்க வேண்டுமே!

அடையாறு காந்தி நகரில் எங்கள் கிளையண்ட் ஒருவர் இருக்கிறார். ஆபீஸ்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் மேஜை நாற்காலி சப்ளை செய்கிறவர். அறுபது தாண்டியவர். அவரும் மாமியும்தான் பார்ட்னர்கள். வீட்டு முன்னறைதான் ஆபீஸ். போன வருடம் ஒரு நாள் மதியம் ஒன்றேகால் மணிக்கு அவரிடமிருந்து போன். ஒரு நிறுவனத்தின் டெண்டர், மூன்று மணிக்கு மூடுகிறது, கையெழுத்து விழவில்லை. எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். முன்வைப்புத் தொகை கட்டியாயிற்று, விலைப்பட்டியல் தயார், எல்லாம் தயார். மூன்று மணி என்றால் சர்வரின் கடிகாரப்படி மூன்று மணி. மூன்று மணி ஒரு நிமிடத்துக்கு அந்தப் பக்கத்தில் பட்டனே இருக்காது.

ஆட்டோ பிடித்து நான் போய்ச் சேரும்போது இரண்டு. புது கம்ப்யூட்டர். பழையது விண்டோஸ் 7, போன மாதம்தான் மூச்சை விட்டிருக்கிறது. ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து வந்த பையன் புதிதாக ஒன்றை மாட்டி, "64-பிட் மெஷின் சார், அதனால 64-பிட் ஜாவாவே போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அவன் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை.

பட்டனை அழுத்தினேன். ஜே.என்.எல்.பி. இறங்கியது. ரிஸ்க் என்னுடையதுதான் என்று ஒப்புக்கொள்ளச் சொல்கிற அந்தப் பிரசித்தி பெற்ற பெட்டி வந்தது. சார் பழக்கப்பட்ட கையால் டிக் போட்டார். புரோகிராம் திறந்தது, ஆவணங்களின் பட்டியல் வந்தது. கையெழுத்து என்பதை அழுத்தினால் சிவப்பில் ஒரு வரி. ஐஏ 32-பிட் டி.எல்.எல்.லை ஏஎம்டி 64-பிட் தளத்தில் ஏற்ற முடியாது என்று.

"தம்பி, இது இன்டெல் மெஷின்தானே? பில்லுல அப்படித்தான் போட்டிருக்கு. இதுல ஏன் ஏஎம்டின்னு திட்டுது?"

நியாயமான கேள்வி. பழைய 32-பிட் கட்டளைகளை 64-பிட்டுக்கு நீட்டி, 2003-இல் முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது ஏஎம்டி. இன்டெல் பின்னால் அதே வழிக்கு வந்தது. அதனால் ஜாவாவின் அகராதியில் இன்டெல் 64-பிட் மெஷினுக்கும் பெயர் ஏஎம்டி64தான். இதை அவரிடம் அப்போது விளக்கவில்லை. மணி இரண்டு பத்து.

கோப்பை நோட்பேடில் திறந்தேன். பத்துப் பதினைந்து வரி. ரிசோர்சஸ், ஓ.எஸ். விண்டோஸ், நேட்டிவ்லிப் இன்ன ஜார். ஆர்ச் என்ற சொல்லையே காணோம். அதாவது, "விண்டோஸாக இருந்தால் போதும், இதைக் கொடு" என்று எழுதியிருக்கிறார்கள். ஜாருக்குள் இருந்ததோ 32-பிட் டி.எல்.எல். பழைய கம்ப்யூட்டரில் 32-பிட் ஜாவா இருந்த வரைக்கும் எல்லாம் நன்றாக நடந்தது. 64-பிட் ஜாவா வந்ததும் அதே சலான் அதே சரக்கைக் கொண்டுவந்து போட்டது, பிளக் ஓட்டைக்குள் போகவில்லை.

என் பையில் எப்போதும் ஒரு பென்டிரைவ் இருக்கும், அதில் ஜாவா 8 இரண்டு விதமும் இருக்கும். 64-ஐ எடுத்துவிட்டு 32-ஐப் போட்டேன். மறுபடி லாகின், மறுபடி பின். இரண்டு நாற்பத்தெட்டுக்கு ரசீது பிரிண்ட் ஆகி வந்தது. மாமி காபி கொடுத்தார்கள். டெண்டர் கிடைக்கவில்லை, வேறு யாரோ குறைந்த விலை போட்டு எல்-1 ஆகிவிட்டார்கள். அது வேறு விஷயம். ஆனால் காபி குடிக்கும்போது சார் ஒன்று சொன்னார்.

"போன மாசமும் இதே மாதிரி ஒண்ணு. மெஷின் மாத்தின வாரம். உங்க ஆபீஸ்ல அன்னிக்கு யாரும் போனை எடுக்கல. விட்டுட்டேன்."

விலையில் தோற்றால் அது வியாபாரம். விலையைச் சொல்லவே முடியாமல் தோற்பதற்கு என்ன பெயர்? காஸ்ட் அக்கவுண்டிங்கில் இதற்கு ஒரு தலைப்பு இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். அந்தச் சலானை எழுதியவர் ஒரு 64-பிட் டி.எல்.எல்.லைக் கம்பைல் செய்து, இன்னொரு ஜாரில் போட்டு, ஒரு தலைப்பைச் சேர்த்திருந்தால் முடிந்திருக்கும். அவர் மிச்சம் பிடித்த நேரம் அவர் கணக்கில் லாபம். காந்தி நகரில் போன டெண்டர், என் ஆட்டோ காசு, ஆபீஸில் அன்று நின்று போன வேலை, இதெல்லாம் எவருடைய புத்தகத்திலும் பற்று எழுதப்படாத செலவு. எங்கள் வகுப்பில் எக்ஸ்டர்னாலிட்டி என்று நடத்தும்போது எப்போதும் தொழிற்சாலைப் புகையைத்தான் உதாரணம் சொல்வார்கள் :-)

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுணுக்கம் இருக்கிறது. ரிச்சி ஸ்ட்ரீட் பையன் கேட்டுக்கொண்ட கேள்வி, "உங்கள் கம்ப்யூட்டர் 32-ஆ, 64-ஆ?" ஆனால் அது கேட்க வேண்டிய கேள்வியே அல்ல. 64-பிட் விண்டோஸில் 32-பிட் ஜாவாவும் ஓடும், 64-பிட் ஜாவாவும் ஓடும், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கும். ஒரு புரோசஸுக்குள் ஏறுகிற டி.எல்.எல். அந்த புரோசஸின் பிட்டோடு பொருந்த வேண்டும். ஆகவே பார்க்க வேண்டியது ஜாவாவை, கம்ப்யூட்டரை அல்ல. சலானில் உள்ள அந்த ஆர்ச் என்ற கட்டம் ஜாவாவைத்தான் பார்க்கிறது. 64-பிட் விண்டோஸில் உட்கார்ந்திருந்தாலும் 32-பிட் ஜாவா தன்னை எக்ஸ்86 என்றுதான் சொல்லிக்கொள்ளும், அதற்குச் சரியான டி.எல்.எல். இறங்கும். மனிதர்களைக் கேட்டால் அவர்கள் மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக் செய்து, தெரிகிறதை நேர்மையாகப் படித்துச் சொல்வார்கள். அந்தப் பதில் உண்மையாகவே இருந்தாலும் உதவாது.

விண்டோஸும் தன் பங்குக்குக் குழப்பியிருக்கிறது. 64-பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில் இருப்பவை 64-பிட் டி.எல்.எல்.கள். பெயரிலேயே 64 இருக்கிற சிஸ்வாவ்64 என்ற ஃபோல்டரில் இருப்பவை 32-பிட். தப்பாக அச்சடித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், அப்படியேதான். பழைய புரோகிராம்கள் சிஸ்டம்32 என்ற பெயரைத் தங்களுக்குள் எழுதி வைத்திருந்ததால் அந்தப் பெயரை மாற்ற முடியவில்லை. 32-பிட் புரோகிராம் சிஸ்டம்32-ஐக் கேட்டால் விண்டோஸ் சத்தமில்லாமல் சிஸ்வாவ்64-க்குத் திருப்பி விடும். டோக்கன் டிரைவரை இன்ஸ்டால் செய்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு இரண்டு இடத்திலும் ஒரே பெயரில் இரண்டு கோப்பைப் போட்டுவிடுவார்கள். நல்ல டிரைவர் எது, சோம்பேறி டிரைவர் எது என்று அந்த இரண்டு ஃபோல்டரைப் பார்த்தே சொல்லலாம்.

ஏன் எல்லா ஆபீஸிலும் "ஜாவா 32-பிட்தான் போடணும்" என்று ஒரு வேதவாக்கு உலாவுகிறது என்பதற்கும் காரணம் கண்டுபிடித்தேன். டோக்கன்களோடு பேசுவதற்கு பி.கே.சி.எஸ்.11 என்று ஒரு பொது இலக்கணம் உண்டு. ஜாவாவில் 2004-இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்தே அதற்கான ஏற்பாடு இருந்தது. ஆனால் 64-பிட் விண்டோஸ் ஜாவாவில் மட்டும் அது இல்லை. 2014-இல் ஜாவா 8 வந்தபோதுதான் சேர்த்தார்கள். அது வரைக்கும் டோக்கன் வைத்திருப்பவருக்கு 32-பிட்தான் நிஜமாகவே பத்திரம். காரணம் போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, வாக்கு மட்டும் சீனியரிடமிருந்து ஜூனியருக்கு இறங்கிக்கொண்டே இருக்கிறது. எனக்கு எங்கள் ஆபீஸ் அண்ணா சொல்லிக் கொடுத்த முதல் விஷயமே அதுதான். அவருக்கு யார் சொன்னார்களோ.

பேக்கிங் செய்கிறவரின் கஷ்டத்தையும் சொல்லாமல் விட்டால் பாவம். நேட்டிவ்லிப் ஜாருக்குள் டி.எல்.எல். நேராக மேல் மட்டத்தில் இருக்க வேண்டும். ஃபோல்டருக்குள் போட்டால் வெப் ஸ்டார்ட் கண்டுகொள்ளாது. ஒரு டி.எல்.எல். இன்னொரு டி.எல்.எல்.லை நம்பியிருந்தால் இன்னும் வினை. வெப் ஸ்டார்ட் அவற்றைத் தன் சொந்த மூலையில் போட்டு வைத்திருக்கும், விண்டோஸுக்கு அந்த மூலை தெரியாது. அதனால் நம்பப்படுகிறதை முதலில், நம்புகிறதை அப்புறம் என்று வரிசையாக ஜாவாவே ஏற்ற வேண்டும். கூடவே ஒரு சலானில் இருக்கிற எல்லா ஜாரிலும் ஒரே சான்றிதழின் கையெழுத்து இருக்க வேண்டும். வேறு கம்பெனி கையெழுத்திட்ட ஜார் ஒன்று வந்தால் அதற்குத் தனிச் சலான் எழுதி இணைக்க வேண்டும். 2014 ஜனவரியில் ஜாவா 7-இன் 51-ஆம் அப்டேட் வந்தபோது, சரியான கையெழுத்து இல்லாதவற்றையும், சொந்தமாகத் தயாரித்த சான்றிதழில் கையெழுத்திட்டவற்றையும் வாசலிலேயே தடுத்தார்கள். அதை மீறி உள்ளே விடுவதற்கு ஜாவா கண்ட்ரோல் பேனலில் விதிவிலக்குத் தளங்கள் என்று ஒரு பட்டியலும் வைத்தார்கள். எந்த ஆடிட்டர் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தால் அந்த ஆபீஸின் சரித்திரமே அதில் இருக்கும்.

இந்தச் சிரமத்துக்கெல்லாம் பயந்து சிலர் வேறு வழி பிடித்தார்கள். எல்லா மெஷினுக்கான லைப்ரரியையும் ஒரே ஜாரில் திணித்துவிடுவது. ஓடும்போது எது தேவையோ அதைத் தற்காலிக ஃபோல்டரில் பிரித்துப் போட்டு ஏற்றுவது. ஜே.என்.ஏ. என்ற புகழ்பெற்ற லைப்ரரி இப்படித்தான் வருகிறது, எஸ்.க்யூ.லைட்டின் ஜாவா டிரைவரும் அப்படித்தான். சலான் எழுதத் தெரியாதவருக்கு இது சௌகரியம்தான். ஆனால் விண்டோஸில் ஏற்றிய டி.எல்.எல்.லை ஓடிக்கொண்டிருக்கும்போது அழிக்க முடியாது, ஆகவே தற்காலிக ஃபோல்டரில் குப்பை சேரும். தற்காலிக ஃபோல்டரிலிருந்து திடீரென்று முளைக்கிற டி.எல்.எல்.லைப் பார்த்தால் ஆன்டிவைரஸுக்கும் சந்தேகம் வரும், வராவிட்டால்தான் ஆச்சரியம். இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த முறையிலும் 32-ஆ 64-ஆ என்று நம்மை யாரும் கேட்பதில்லை. புரோகிராம் தானே ஜாவாவைப் பார்த்து முடிவு செய்கிறது. எனக்கு அது போதும்.

வெப் ஸ்டார்ட் செத்த கதை சுருக்கமானது. ஆப்லெட்டுகளுக்கு வழிவிட்ட பழைய பிளக்-இன் முறையை குரோம் 2015-இல் ஒழித்தது, ஃபயர்ஃபாக்ஸ் 2017-இல். வெப் ஸ்டார்ட்டுக்கு அந்தப் பிளக்-இன் தேவையில்லை என்பதால் அது இன்னும் கொஞ்ச நாள் தாக்குப் பிடித்தது, ஆப்லெட்டை விட்டவர்கள் சிலர் அதற்கு ஓடி வந்தார்கள். ஆனால் 2018 செப்டம்பரில் வந்த ஜாவா 11-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். ஜாவா 8-இல் மட்டும் இன்னும் இருக்கிறது. அதனால்தான் என் பென்டிரைவில் ஜாவா 8. ஓப்பன்வெப்ஸ்டார்ட் என்று ஒரு இலவச மாற்று இருக்கிறது, பழைய ஜே.என்.எல்.பி. கோப்புகளை அது திறக்கும். எங்கள் கிளையண்ட் ஒருவரிடம் கூட அதைப் பார்த்ததில்லை.

அதன் இடத்துக்கு வந்தது என்ன? ஜி.எஸ்.டி. தளத்துக்கு எம்சைனர், வருமான வரித் தளத்துக்கு எம்பிரிட்ஜ். முதலில் இறக்கி இன்ஸ்டால் செய்துகொள்ள வேண்டும். அது உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஒரு குட்டி சர்வராக உட்கார்ந்திருக்கும். வலைப்பக்கம் 127.0.0.1 என்ற முகவரியைக் கூப்பிடும், அதாவது உங்கள் கம்ப்யூட்டரையே. அந்தக் குட்டி சர்வர் டோக்கனிடம் பேசிப் பதிலை வாங்கிக் கொடுக்கும். வேலை நடக்கிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை. பிரவுசர் மாறினாலும் கவலையில்லை. ஆனால் வலைப்பக்கத்திலிருந்து தானாக வந்து இறங்கிய ஒன்று, இப்போது நாமே பார்த்து எடுத்து இன்ஸ்டால் செய்ய வேண்டிய ஒன்றாகிவிட்டது. இன்ஸ்டால் செய்ய அட்மின் உரிமை வேண்டும். ஆபீஸில் வேலை பார்க்கிற அக்கவுண்டண்டிடம் அது இருக்காது, முதலாளி மகனிடம் இருக்கும், மகன் கோயம்புத்தூரில் இருப்பான். எந்தக் கருவியாக இருந்தாலும் இறக்குகிற இடத்தில் பல சமயம் அந்தப் பழைய கேள்வி பட்டன்களாக வந்து நிற்கிறது. விண்டோஸ் 32, விண்டோஸ் 64, லினக்ஸ், மேக். யாரிடம் கேட்கக் கூடாதோ அவரிடமே கேட்கிறோம்.

ஜாவாவில் இப்போது இதற்கு ஜேபேக்கேஜ் என்று ஒரு கருவி இருக்கிறது, 2021-இல் ஜாவா 16-இல் முழுமையாக வந்தது. ஜாவாவையே உள்ளே வைத்துக் கட்டி, ஒரு சாதாரண விண்டோஸ் புரோகிராம் மாதிரி கொடுத்துவிடும். கிளையண்டிடம் எந்த ஜாவா இருக்கிறது என்ற கேள்வியே இதனால் மறைந்துவிடுகிறது, அது பெரிய விஷயம். உள்ளே இருக்கிற ஜாவாவும் நாம் வைத்தது, டி.எல்.எல்.லும் நாம் வைத்தது, இரண்டும் பொருந்தாமல் போக வழியில்லை. ஆனால் விண்டோஸுக்கான பொட்டலத்தை விண்டோஸில் உட்கார்ந்துதான் கட்ட முடியும், மேக்குக்கானதை மேக்கில்தான். ஒரே ஆள் நடத்துகிற சின்ன சாஃப்ட்வேர் கடை ஒரு மேக் வாங்கி வைக்குமா? வைக்காது. "மேக்குக்கு விரைவில்" என்று ஒரு வரி போட்டுவிடுவார்கள். அந்த விரைவில் எத்தனை வருடமாக விரைவில் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

காந்தி நகர் சாருக்கு அப்புறம் எங்கள் ஆபீஸில் ஒரு காரியம் செய்தேன். ஆடிட்டர் சார் அனுமதியோடு, ஜெராக்ஸ் மெஷினுக்கு மேலே சுவரில் ஒரு சார்ட் ஒட்டினோம். கிளையண்ட் பெயர், டோக்கன் கம்பெனி, டிரைவர் வெர்ஷன், ஜாவா எத்தனை பிட், ஓ.எஸ். எது, டோக்கனில் இருக்கிற சான்றிதழ் எந்தத் தேதியில் முடிகிறது. போன் வந்தால் யார் எடுத்தாலும் முதலில் சுவரைப் பார்க்க வேண்டும். அக்டோபர் நெருக்கடியில் கம்பெனி ரிட்டர்ன்கள் வரிசை கட்டி நிற்கும்போது, ஒரு படிவத்துக்கு ஒரு நாள் தாமதம் நூறு ரூபாய், அதற்கு உச்சவரம்பு கிடையாது. அந்த நேரத்தில் கிளையண்டிடம் "சார், உங்க ஜாவா எத்தனை பிட்?" என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. கேட்டாலும் அவர் மை கம்ப்யூட்டரைத்தான் திறப்பார்.

சார்ட்டில் ஜாவா பிட் என்ற பத்திக்கு எதிரே இது வரைக்கும் 32 அல்லது 64 என்றுதான் எழுதியிருக்கிறோம். போன வாரம் கோட்டூர்புரத்து கிளையண்ட் ஒருவர் போன் செய்தார். பையன் அமெரிக்காவிலிருந்து புது மேக்புக் வாங்கி வந்திருக்கிறானாம், இனிமேல் எல்லாவற்றையும் அதிலேயே செய்துகொள்ளலாமா என்று கேட்டார். அந்த மெஷின் தன்னை ஏஆர்ச்64 என்று சொல்லிக்கொள்ளும். பழைய லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட வேண்டாம், வெள்ளிக்கிழமை நானே வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.